பயம் பாதி... சிரிப்பு பாதி... பத்மநாபபுரம் அரண்மனையில் ஒரு பகல்!

தக்கலையில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு கிலோ மீட்டர் போனால் கருங்கல் கோட்டைச் சுவர் வந்துவிடும். அதற்குள் தெருக்கள், வீடுகள், பெட்டிக்கடைகள், பள்ளி விட்டு சைக்கிளில் வரும் பிள்ளைகள் என ஒரு சின்ன ஊரே இருக்கிறது. அந்த ஊரின் நடுவில், பின்னால் வேளிமலை துணை நிற்க, ஓட்டுக்கூரைகளும் மரச்சுவர்களுமாக விரிந்து கிடக்கிறது பத்மநாபபுரம் அரண்மனை.

வாசலில் செருப்பைக் கழற்றி வைக்கும் இடத்திலேயே கேள்வி தொடங்கிவிடுகிறது.

"அண்ணே, அந்தப் பேய்ப் படம் எடுத்தது இங்கதானே?"

"பேய்ப் படம் இல்லம்மா, பைத்தியப் படம்" என்கிறார் உடன் வந்தவர்.

"ரெண்டும் இல்ல. அது காமெடிப் படம்" என்கிறது பின்னாலிருந்து ஓர் இளம் குரல்.

மூன்று பேர் சொன்னதும் சரிதான். 1993-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி வெளியான 'மணிச்சித்திரத்தாழ்' என்ற மலையாளப் படம் மூன்றுமாக இருந்தது. அதன் சில பகுதிகள் இந்த அரண்மனையிலும், வேறு சில பகுதிகள் கொச்சியை அடுத்த திருப்பூணித்துறை ஹில் பேலஸிலும் படமாக்கப்பட்டன. தமிழில் அது 'சந்திரமுகி' ஆனது. பயம், மர்மம், சிரிப்பு மூன்றையும் ஒரே கதையில் வைக்க ஆசைப்படும் எவருக்கும் இன்றுவரை அதுதான் பாடப்புத்தகம். அந்தப் பாடத்தைத் திரையில் படிப்பது ஒரு வகை என்றால், இந்த அரண்மனைக்குள் நடந்தே படிப்பது இன்னொரு வகை.

ஒரு கல், ஒரு கூண்டு, ஒரு கதவு

முற்றத்தில் ஒரு உருண்டைக் கல் இருக்கிறது. திருவிதாங்கூர் படையில் சேர வருகிறவன் அந்தக் கல்லை நூறு முறை தலைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும் என்பது வழிகாட்டிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் கதை. கேட்டவுடன் பத்து வயதுப் பையன் ஒருவன் சட்டைக் கையைச் சுருட்டுகிறான். "நீ உன் புத்தகப் பையைத் தூக்கு, போதும்" என்று அவன் அம்மா சொல்ல, முன்பின் தெரியாத நாற்பது பேரும் சேர்ந்து சிரிக்கிறார்கள்.

அதே வளாகத்தின் அருங்காட்சியகத்தில் இரும்புப் பட்டைகளால் மனித வடிவில் செய்த ஒரு கூண்டு இருக்கிறது. தண்டனை பெற்றவனை அதில் அடைத்துத் தொங்கவிட்டுவிடுவார்களாம். அதன் முன்னால் வந்ததும், சற்று முன் சிரித்த நாற்பது பேரும் அமைதியாகிவிடுகிறார்கள். சட்டைக் கையைச் சுருட்டிய பையன் அம்மாவின் முந்தானையைத் தேடுகிறான்.

அடுத்து தாய்க்கொட்டாரம். அரண்மனையிலேயே பழமையான பகுதி, 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். நடுமுற்றம் வைத்த நாலுகெட்டு வீடு அது. அதன் ஓரத்தில் பலாமரத்தில் நுணுக்கமாகச் செதுக்கிய தூண்களோடு ஏகாந்த மண்டபம். ஆபத்துக் காலத்தில் அரச குடும்பம் தப்பிப்பதற்காக இங்கிருந்து ஒரு சுரங்கப் பாதை இருந்ததாகச் சொல்லும்போது வழிகாட்டியின் குரல் தானாகவே தணிகிறது. எல்லோருடைய கண்ணும் மூடிய கதவுகளின் மேல் போகிறது. 'திறந்தால் என்ன இருக்கும்?'

சிரிப்பு, அச்சம், மர்மம் மூன்றும் ஒரே கூரையின் கீழ், சில நிமிட நடை தூரத்தில் கிடைக்கின்றன. மூன்றையும் கலக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு இந்த அரண்மனையே விடை. அவை முதலிலிருந்தே கலந்துதான் இருக்கின்றன. அடுத்து எந்த அறைக்குள் அழைத்துப் போவது என்று தெரிந்திருப்பதுதான் கதை சொல்கிறவரின் வேலை.

தலை குனிந்தால்தான் உள்ளே

"தலை பார்த்து வாங்க... தலை பார்த்து!" அரண்மனையில் அதிகம் கேட்கும் வாசகம் இதுதான். நிலைகள் தாழ்வானவை, படிகள் குறுகலானவை. உயரமான ஒருவர் நெற்றியில் இடித்துக்கொண்டு 'ஸ்ஸ்' என்கும்போது பின்னால் வருபவர்கள் வாய்பொத்திச் சிரிக்கிறார்கள். இருட்டு இடைகழியில் நாலடி வைத்ததும் சிரித்தவரே சுவரைத் தடவிக்கொண்டு போகிறார்.

கேரளப் பாணி மரக் கட்டடங்களின் குணம் அது. வெயிலைத் தடுக்க, மழையைத் தாங்க, காற்றை மட்டும் அனுமதிக்கக் கட்டியவை. மந்திரசாலையில் நிற்கும்போது வெளியில் உச்சி வெயில். உள்ளே மரச்சட்டங்கள் வழியே வடிகட்டிய மங்கிய வெளிச்சம். சன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் வண்ண மைக்கா தகடுகள். தரை கறுப்புக் கண்ணாடிபோல் பளபளக்கிறது. சுட்ட சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு என்று பலதும் சேர்த்து இழைத்த தரை என்பார்கள். குனிந்து பார்த்தால் சொந்த முகமே நிழலாகத் தெரிகிறது. பயமுறுத்துவதற்காக யாரும் கட்டாத அறைதான். இருந்தாலும் சாயங்காலம் நான்கு மணிக்கு அங்கே தனியாக நிற்க யாருக்கும் தைரியம் வருவதில்லை.

நல்ல பயக் கதையும் இப்படித்தான். 'மணிச்சித்திரத்தாழ்' படத்தில் பறக்கும் தலை இல்லை, ரத்தம் வழியும் சுவர் இல்லை. ஒரு பழைய வீடு, அதில் பூட்டிய தெற்கு அறை, இரவில் கேட்கும் சலங்கை, கதவுக்குப் பின்னால் ஒரு குரல். அவ்வளவுதான். மீதியைப் பார்க்கிறவர் மனமே இட்டு நிரப்பிக்கொள்கிறது.

முட்டத்திலிருந்து ஒரு கதை

படத்தை எழுதியவர் மது முட்டம். ஆலப்புழை மாவட்டத்தில் ஹரிப்பாட்டுக்கு அருகில் உள்ள முட்டம் அவர் ஊர். பெயரிலேயே ஊரைச் சுமப்பவர். அந்த ஊரின் பழம்பெரும் தறவாடு வீடான ஆலும்மூட்டில் மேடையில் எப்போதோ நடந்த ஒரு துயரம்தான் கதைக்கு விதை என்பார்கள். அதை ஃபாசில் இயக்கினார். சில பகுதிகளைப் படமாக்க பிரியதர்ஷன், சித்திக்-லால், சிபி மலயில் என அப்போதே பெயர் பெற்றிருந்த இயக்குநர்கள் கைகொடுத்தார்கள். இத்தனை கைகள் சேர்ந்தும் ஒரே ருசியில் வந்த விருந்து அது.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். கல்கத்தாவிலிருந்து நகுலனும் மனைவி கங்காவும் சொந்த ஊருக்கு வந்து, யாரும் குடியிருக்க அஞ்சும் மாடம்பள்ளி வீட்டில் தங்குகிறார்கள். அங்கே ஒரு காலத்தில் தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நாகவல்லி என்ற நாட்டியப் பெண், குடும்பத் தலைவனால் துர்காஷ்டமி இரவில் கொல்லப்பட்டாள் என்பது ஊர்க்கதை. அவள் அறையைப் பூட்டியிருப்பது ஒரு சித்திர வேலைப்பாட்டுப் பூட்டு. அதுதான் மணிச்சித்திரத்தாழ். கங்கா அதற்குச் சாவி செய்யச் சொல்கிறாள்.

இவ்வளவும் நடக்கும்போது திரையில் ஓடுவது பெரும்பாலும் சிரிப்புதான். இன்னசென்ட் நடித்த உண்ணித்தான் வீட்டுப் பேச்சை எடுத்தாலே நடுங்குகிறார். குதிரவட்டம் பப்புவோ, கட்டாந்தரையிலும் தண்ணீர் இருப்பதாக நினைத்துத் தாண்டித் தாண்டி நடக்கிறார். தியேட்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது.

சூட்சுமம் அந்தச் சிரிப்பில்தான் இருக்கிறது. பயந்து உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு மூலையையும் உற்றுப் பார்ப்பார். சிரித்துக்கொண்டிருப்பவரோ பார்க்க மாட்டார். உண்ணித்தானைப் பார்த்துச் சிரிக்கும் நேரத்தில், கங்கா பழங்கதைகளை எவ்வளவு ஆசையாகக் கேட்கிறாள் என்பதும், சாவி யார் கையில் இருக்கிறது என்பதும் கண்முன்னாலேயே கடந்து போய்விடுகின்றன. முழு உண்மையும் காட்டப்பட்டது, யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் 'அட, இங்கேயே சொல்லியிருக்கிறார்களே' என்று தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

பயம், மர்மம், சிரிப்பு மூன்றையும் தனித்தனி டப்பாவில் அடைத்து, பத்து நிமிடத்துக்கு ஒன்றாகத் திறக்கும் படங்கள் தோற்றுப் போவது இதனால்தான். இங்கே சிரிப்பு மர்மத்தை மறைக்கிறது; மர்மம் பயத்தைத் தள்ளி வைக்கிறது; பயம் வரும்போது சிரித்த வாயை மூட நேரம் இருப்பதில்லை. கணவன் எங்கும் போக விடாதபோது, அதுவரை சாந்தமாகப் பேசிய கங்கா பெரிய கட்டிலை ஒற்றைக் கையால் தூக்கும் காட்சி அப்படி வந்ததுதான்.

சந்தேகம் யார் மேல் விழுகிறது?

படத்தில் மனதை உறுத்தும் இடம் ஒன்று உண்டு. அதில் பேய் இல்லை.

வீட்டில் பொருள்கள் உடைகின்றன, தீப்பிடிக்கிறது, உயிருக்கே ஆபத்து வருகிறது. அப்போது எல்லோருடைய சந்தேகமும் போய் நிற்பது ஸ்ரீதேவி மேல். செவ்வாய் தோஷம் என்ற பெயரில் மணவாழ்க்கை முறிந்து, பிறந்த வீட்டில் வாய் திறக்காமல் வேலை செய்துகொண்டிருக்கும் பெண் அவள். மனநல மருத்துவராக வரும் மோகன்லாலும் அவளையே சந்தேகிப்பதுபோல் காட்டும்போது, படம் பார்க்கிறவர்களும் 'ஆமாம், அவள் பார்வையே சரியில்லை' என்று நம்பிவிடுகிறார்கள்.

உண்மை வெளிப்படும்போது முதலில் வருவது அதிர்ச்சி. அடுத்து வருவது வெட்கம். அந்தப் பெண் என்ன தவறு செய்தாள்? ஒன்றுமில்லை. வீட்டில் கேட்பாரற்றவள் என்ற ஒரே காரணம் போதுமானதாக இருந்தது. இந்தக் கதையைத் தங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்த குடும்பங்கள் எத்தனை! அவற்றில் எத்தனை வீடுகளில் ஒரு ஸ்ரீதேவி சமையலறைக் கதவோரம் நின்று பார்த்திருப்பாள்! படம் முடியும்போது அவளை மணக்க விரும்புவதாக அந்த டாக்டர் சொல்வது வெறும் சுபம் கார்டு அல்ல; பார்வையாளர்கள் சார்பாகக் கேட்கும் மன்னிப்பும்கூட.

கங்காவின் கதையிலும் அப்படியொரு தனிமை இருக்கிறது. பெற்றோர் தொலைதூர நகரத்தில் இருக்க, பாட்டியிடம் விட்டுவைக்கப்பட்ட சிறுமி அவள். அந்த ஊரிலிருந்தும் ஒருநாள் திடீரெனப் பிடுங்கி எடுக்கப்பட்டவள். பூட்டிய அறைக்குள் கிடந்த இன்னொரு பெண்ணின் துயரம் அவளைத் தொட்டதில் வியப்பு என்ன? தாய்க்கொட்டாரத்தின் ஏகாந்த மண்டபத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களில் சிலராவது இதை நினைக்கத்தான் செய்வார்கள். பயம் விலகிப் பரிதாபம் வரும் அந்த இடத்தில்தான் நல்ல பயக் கதை முழுமை பெறுகிறது.

படத்தில் காட்டும் சிகிச்சை சினிமாவுக்கானது. மந்திரவாதியும் மருத்துவரும் சேர்ந்து நாடகம் போட்டு ஒரே இரவில் நோயைத் தீர்ப்பது நிஜ வாழ்க்கையில் நடக்காது. ஆனால், 'இது பேய் அல்ல, நோய். இவள் குற்றவாளி அல்ல, நோயாளி' என்று ஒரு வெகுஜனப் படம் 1993-லேயே சொன்னது சிறிய விஷயமல்ல. இன்று வீட்டில் ஒருவரின் நடை, பேச்சு, தூக்கம் மாறினால் உடுக்கைச் சத்தத்தைத் தேட வேண்டியதில்லை. மனநல மருத்துவரைப் பார்க்கலாம். அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

பேய் எப்போதும் பக்கத்து வீட்டு பாஷை பேசும்!

மலையாளப் படத்தில் நாகவல்லி தமிழ் பேசினாள். அவள் பாடலின் தமிழ் வரிகளை எழுதியவர் வாலி. அதே கதை 2004-ல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' ஆனபோது நாட்டியக்காரி தெலுங்கு பேசினாள். 2005-ல் பி.வாசு அதைத் தமிழில் 'சந்திரமுகி'யாக எடுத்தபோதும் அவளுக்குத் தெலுங்குதான். 2007-ல் பிரியதர்ஷன் இந்தியில் எடுத்த 'பூல் புலையா'வில் அவள் வங்காளத்துப் பெண்.

பேய்க்கு மட்டும் ஏன் எப்போதும் அடுத்த வீட்டு பாஷை? கொஞ்சம் புரிந்து, கொஞ்சம் புரியாமல் இருக்கும் மொழிதான் முதுகுத்தண்டில் குளிர் ஏற்றும். முழுக்கப் புரிந்தால் பயமில்லை. சுத்தமாகப் புரியாவிட்டாலும் பயமில்லை.

பத்மநாபபுரத்தில் இந்த உண்மை இன்னும் அழகாகப் பொருந்துகிறது. இந்த ஊரே இரண்டு மொழிகளின் திண்ணை. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை திருவிதாங்கூரின் தலைநகர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. ஆனால், அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. டிக்கெட் வாங்குவது தமிழ் மண்ணில், கொடுப்பது கேரள அரசு! வழிகாட்டிகள் ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி, கூட்டத்தைப் பார்த்துவிட்டு மலையாளத்தில் முடிப்பது இங்கே சாதாரணம்.

தஞ்சாவூர்க் கலைஞர்கள் திருவிதாங்கூருக்குப் போனதும் வெறும் கற்பனை இல்லை. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு, 19-ஆம் நூற்றாண்டில் சுவாதித் திருநாள் மன்னரின் திருவனந்தபுரம் அரசவையை அலங்கரித்தவர். சுமார் 160 வருடங்கள் கழித்து இன்னொரு வடிவேலு, 'சந்திரமுகி'யில் வேட்டையபுரம் அரண்மனை வராந்தாவில் நடுங்கிக்கொண்டே நடந்து தமிழ்நாட்டைச் சிரிக்கவைத்தார். பெயர்ப் பொருத்தம் என்றால் இதுவல்லவா!

சலங்கை கேட்காத நாட்டிய மண்டபம்

நடைப் பயணத்தின் கடைசிப் பகுதியில் வருகிறது நவராத்திரி மண்டபம். மற்ற இடமெல்லாம் மரமாக இருக்க, இது கல்லால் ஆனது. செதுக்கிய கல்தூண்கள், பளபளக்கும் தரை. அரச குலப் பெண்கள் வெளியே தெரியாமல் உள்ளிருந்தபடியே நாட்டியம் பார்க்க மரச்சட்டப் பலகணிகள். ஆடியவர்கள் மேலே நிமிர்ந்து பார்த்திருந்தால் இருட்டுத் துளைகள்தான் தெரிந்திருக்கும். அந்தத் துளைகளுக்குப் பின்னால் கண்கள்.

கூட்டம் இங்கே வந்ததும் யாரோ ஒரு கல்லூரிப் பெண் தோழியின் காதில் ஏதோ சொல்ல, தோழி திடுக்கிட்டுத் திரும்ப, இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மூன்று நொடிக்குள் பயம், சந்தேகம், சிரிப்பு. படம் பார்த்த ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு சின்ன நாகவல்லி ஒளிந்திருக்கிறாள்!

அந்த வேடத்துக்காக ஷோபனா சிறந்த நடிகைக்கான தேசிய விருது பெற்றார். லலிதா, பத்மினி, ராகினி மூவருக்கும் மருமகள் முறை அவர். அதே வருடம் சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதும் 'மணிச்சித்திரத்தாழ்' படத்துக்கே கிடைத்தது. 2024-ல் புதுப் பொலிவோடு மீண்டும் தியேட்டருக்கு வந்தபோது, முடிவு தெரிந்தவர்களே திரும்பவும் டிக்கெட் வாங்கினார்கள். மர்மம் தெரிந்த பிறகும் பார்க்கத் தூண்டுவதுதான் நல்ல மர்மக் கதை.

படத்தில் எல்லாம் முடிவது துர்காஷ்டமி இரவில். பத்மநாபபுரத்திலோ நவராத்திரி என்றால் பயம் கிடையாது, பரவசம்தான். கம்பர் பூஜித்ததாகச் சொல்லப்படும் சரஸ்வதி விக்கிரகம் இங்கிருந்து யானை மேல் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போகும். வேளிமலை குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன் போவார்கள். உப்பரிகை மாளிகையிலிருந்து மன்னரின் உடைவாள் எடுத்துத் தரப்படும். வழியெங்கும் வீட்டு வாசல்களில் விளக்கேற்றி, தட்டத்தோடு நிற்கும் பெண்களுக்கு அது தங்கள் வீட்டுப் பெண்ணை வழியனுப்பும் நாள்.

மணி அடிக்கிறது. 300 ஆண்டு பழமையானது என்று சொல்லப்படும் மணிக்கூண்டுக் கடிகாரம், இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. நேரமாகிவிட்டது என்று காவலர் கைகாட்ட, கூட்டம் வாசலுக்கு நகர்கிறது. வெளியில் ஏத்தங்காய் சிப்ஸ் வறுக்கும் தேங்காய் எண்ணெய் மணம். உருண்டைக் கல்லைத் தூக்க நினைத்த பையன் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்கிறான்.

"அம்மா, அந்தப் பூட்டின ரூமுக்குள்ள என்னம்மா இருக்கும்?"

"பழைய நாற்காலி, உடைஞ்ச கட்டில்... வேற என்ன இருக்கப் போகுது?"

"நீ பார்த்தியா?"

அம்மா பதில் சொல்லவில்லை. ஒருமுறை திரும்பிப் பார்க்கிறாள். பிறகு சிரித்துக்கொண்டே அவன் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறாள்.

போகிறவர்களுக்கு...

நாகர்கோவில் - திருவனந்தபுரம் சாலையில் இருக்கிறது தக்கலை. அங்கிருந்து ஆட்டோவில் சில நிமிடங்களில் அரண்மனையை அடையலாம். ரயிலில் வருகிறவர்கள் இரணியலில் இறங்கலாம். திங்கட்கிழமை விடுமுறை. படிகள் செங்குத்தானவை என்பதால் மூட்டு வலி உள்ள பெரியவர்கள் மேல்தளங்களைத் தவிர்ப்பது நல்லது. காலையிலேயே போனால் கூட்டம் குறைவு. நேரமிருந்தால் பக்கத்திலுள்ள உதயகிரிக் கோட்டையையும் பார்க்கலாம். 1741-ல் குளச்சல் போரில் தோற்று, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாய் அங்கேதான் உறங்குகிறார். பகை நட்பான அந்தக் கதையும் ஒரு நல்ல திருப்பம்தான்!